முதல் மூச்சிலேயே ஸாரி

அன்று காலை அவர் முதல் ஸாரியைச் சொன்னது ஒரு நாற்காலியிடம்.

காபி போடலாமென்று அரைத்தூக்கத்தில் சமையலறைக்குப் போனவரின் காலில் அது இடித்தது. அடிபட்டது அவருடைய சுண்டுவிரல். ஆனாலும் அவர்தான் "ஸாரி" என்றார். அடுத்து ஃபிரிட்ஜ் கதவு கைநழுவிப் படாரென்று சாத்திக்கொண்டது. அதற்கும் ஒரு ஸாரி. முன்பெல்லாம் இப்படிச் சொன்னால் உள்ளேயிருந்து, "காலங்காத்தால யார்கிட்ட பேசறீங்க?" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி கோபித்துக்கொண்டு போய் ஒரு வாரம் ஆகியிருந்தது.

வாஷிங் மெஷினும் ஃபிரிட்ஜும் செய்து விற்கும் ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் அவருக்கு வேலை. வீட்டார் ஆசையாக வைத்த பெயர் அங்கே யாருக்கும் ஞாபகமில்லை. எல்லோருக்கும் அவர் 'ஸாரி சார்'. அந்தப் பிரிவில் ஒரு சட்டம் உண்டு. வாடிக்கையாளர் முதல் மூச்சை விட்டு முடிப்பதற்குள் நம்முடைய முதல் ஸாரி அவர் காதில் விழுந்துவிட வேண்டும். கோபம் சூடேறுவதற்கு முன் தண்ணீர் தெளிப்பது என்று அதற்கு விளக்கம். இந்த வித்தையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. காதில் விழவில்லை என்பதற்குக் குரலை மேலே தூக்கி ஒரு ஸாரி. வழி விடுங்கள் என்பதற்குக் குட்டையாக ஒன்று. துக்கத்துக்குத் தணிவாக. முடியாது என்பதற்குக் குழைவாக; கம்பெனிக்கு ரொம்பப் பிடித்தது இந்தக் கடைசி வகைதான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவர் பேசிய பதிவுகளைப் போட்டுக் காட்டித்தான் பாடம் நடக்கும்.

ஆபீசில் பாடமாக இருந்தது வீட்டில் வினையாக முடிந்தது.

ஒரு வாரத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் மனைவி ஓட்டமும் நடையுமாக வந்தாள். ஒரு பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பில் அவளுக்கு வேலை. கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல், சமையலறை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"ஸாரிம்மா," என்றார் அவர், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

"எதுக்கு?"

"எதுவா இருந்தாலும்."

அவள் எழுந்துபோய் ஒரு பையில் துணிகளை அடுக்கினாள். "நான் என் ஃப்ரெண்டு வீட்டுக்குப் போறேன்." வாசல்வரை போனவள் திரும்பி, "நான் சொல்ல வந்தது நல்ல விஷயம்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதுதான் அவரை அரித்தது. நல்ல விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்ட மனிதன் உலகத்தில் வேறு எவனாவது இருப்பானா? என்ன நல்ல விஷயம் அது? படுத்தால் அதே யோசனை. அவள் எதையும் முதலிலிருந்து சொல்ல மாட்டாள். நடுவில் ஆரம்பித்து, முன்னால் ஓடி, "இருங்க, அதுக்கு முன்னாடி நடந்ததைச் சொல்லலையே," என்று திரும்ப வருவாள். கல்யாணமான புதிதில் அதைக் கேட்டுக்கொண்டே தூங்காமல் கிடந்திருக்கிறார். இப்போது அதே கட்டிலில், எங்கேயிருந்தாவது ஆரம்பித்தால் போதுமென்று கிடந்தார். அவள் இழுத்துப் போட்ட நாற்காலியை இன்னும் உள்ளே தள்ளவில்லை. தள்ளிவிட்டால் அவள் சொல்ல வந்தது அத்தோடு முடிந்துபோய்விடும் என்று ஒரு பயம். தினமும் சுண்டுவிரல் அடிபட்டாலும் பரவாயில்லை என்று விட்டிருந்தார்.

சமாதானத்துக்கு அவர் எடுத்த முயற்சிகள் எல்லாமே அவருடைய தொழில் தெரிந்த முயற்சிகள்.

முதலில் ஒரு செய்தி அனுப்பலாமென்று போனை எடுத்தார். 'ஸாரி' என்று அடித்ததும், வருஷக்கணக்கில் பழகிய அந்தப் போன் மிச்சத்தைத் தானே எழுதிக் கொடுத்தது. அவர் பழக்கதோஷத்தில் அனுப்பிவிட்டார். 'ஸாரி, தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். தங்கள் புகார் எங்களுக்கு மிகவும் முக்கியம்.'

பதில் உடனே வந்தது. 'புகார் எண் என்ன?'

பதறிப்போய் போன் செய்தார். அதிசயமாக அவள் எடுத்தாள். அந்த ஒரு "ம்" கேட்டதும் எழுதி வைத்திருந்ததெல்லாம் மறந்து, நாக்கு தனக்குத் தெரிந்த பாதையில் ஓட ஆரம்பித்தது. வருந்தியது, உருகியது, இனி நடக்காது என்று உறுதி கொடுத்தது. அத்தோடு நின்றிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பார்.

"...வேற எந்த விதத்துல உங்களுக்கு உதவலாம்?"

போன் வைக்கப்பட்டது.

நேரில் போய் நிற்கலாமென்றால், அந்தச் சிநேகிதி வீடு எங்கே? யார் அவள், எந்தத் தெரு, என்ன வேலை என்று மனைவி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் முதல் வாக்கியத்திலேயே ஸாரி சொல்லி, மிச்சத்தைக் கேட்காமல் தப்பித்தவர் அவர். வேறு வழியில்லாமல் மனைவியின் அண்ணனைக் கூப்பிட்டார்.

"மச்சான், உங்க தங்கச்சியோட ஃப்ரெண்டு வீடு எங்க இருக்கு?"

"எதுக்கு மாப்ளே?"

"உங்க தங்கச்சி அங்கதான் இருக்கா."

"உங்க பொண்டாட்டி எங்கே இருக்கான்னு என்னைக் கேக்கறீங்களா?"

"ஸாரி மச்சான்."

அவ்வளவுதான். பொழுது சாய்வதற்குள் மாமியார், சின்ன மாமியார், மச்சானின் மனைவி, மச்சானின் மனைவியின் அக்கா என்று வரிசையாகக் கூப்பிட்டார்கள். ஒருத்தருக்கும் அந்த வீடு தெரியவில்லை. ஆனால் எல்லோருக்கும் இப்போது விஷயம் தெரிந்துவிட்டது. அவர் அத்தனை பேரிடமும் தனித்தனியாக ஸாரி சொன்னார்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு ஆறுதல் இருந்தது. வேலை முடிந்ததும் பல் ஆஸ்பத்திரிக்கு எதிரிலிருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போய் நிற்பார். கண்ணாடிக் கதவு வழியாக அவள் தெரிவாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு எழுதுவாள். பேனாவால் தலையைச் சொறிந்துகொள்வாள். உள்ளே போகத் தைரியம் வராது. கடைக்காரர் முறைக்கிறாரே என்று, எதையாவது ஒரு காகிதத்தைக் கொடுத்து நகல் எடுத்துக்கொண்டே நிற்பார். வீட்டில் அவருடைய மின்சார பில்லுக்கு ஒரு கட்டு நகல் சேர்ந்துவிட்டது. அந்தச் சில நிமிஷத்துக்காகத்தான் அவர் அந்த வாரம் முழுக்க உயிரோடு இருந்தார்.

அந்த ஆறுதலுக்கும் அவரே கொள்ளி வைத்தார். யோசனை சொன்னது பக்கத்து சீட்டுக்காரர்.

"வாயால சொன்னா எடுபடாது சார். பூவா அனுப்புங்க. ஆஸ்பத்திரிக்கே அனுப்புங்க. நாலு பேர் முன்னாடி வந்தா பொம்பளைங்களுக்குப் பிடிக்கும்."

பூக்கடைக்குப் போன் செய்தார்.

"கார்டுல என்ன எழுதணும் சார்?"

"ஸாரி."

"யாருக்கு சார்?"

"என் மனைவிக்கு." சொல்லும்போதே அவர் குரல் தணிந்தது. "போன வாரம் போயிட்டா."

பூக்கடைக்காரர் குரலும் இறங்கிவிட்டது. "அடடா. உடம்பு ஏதும் முடியாம இருந்தாங்களா?"

"அதெல்லாம் இல்ல. நல்லாத்தான் இருந்தா. கடைசியா ஏதோ சொல்ல வந்தா, நான்தான் கேக்கலை."

"மனசைத் தளரவிடாதீங்க சார். எல்லாம் வெள்ளைப் பூவா, பெரிசாவே பண்ணிடறேன்."

மறுநாள் பல் ஆஸ்பத்திரிக்குள் ஆளுயர மலர்வளையம் ஒன்று நுழைந்தது. அதன் நடுவில் மனைவியின் பெயரும் 'ஸாரி' என்ற சொல்லும் கொட்டை எழுத்தில் இருந்தன. பல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் மலர்வளையத்தைப் பார்த்தார்கள், டாக்டரின் அறைக் கதவைப் பார்த்தார்கள், வலி விட்டுப்போனதாகச் சொல்லி ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். டாக்டர் அவளுக்கு லீவு கொடுத்து அனுப்பினார்.

'நான் உயிரோடதான் இருக்கேன். அதுகூடத் தெரியாதா?' என்று ஒரு செய்தி வந்தது. அதற்குப் பிறகு அவள் போன் எடுக்கவே இல்லை. ஜெராக்ஸ் கடையில் நின்று பார்த்தால், கண்ணாடிக்குப் பின்னால் காலி நாற்காலிதான் தெரிந்தது. வீட்டில் ஒன்று, இங்கே ஒன்று. அவர் அன்றைக்கு நகல் எடுக்காமலே திரும்பினார்.

அன்று ராத்திரி அவர் முடிவு செய்தார். இனி அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. செத்தாலும் சொல்வதில்லை.

சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது மறுநாள் பஸ்ஸிலேயே தெரிந்தது. ஒருவருடைய காலை மிதித்துவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார். "மிதிச்சுட்டு முறைக்கிறான் பாரு," என்று பஸ்ஸே அவரைத் திட்டியது. ஆபீசில் முதல் அழைப்பில் ஒருவர் ஃபிரிட்ஜைப் பற்றி ஆரம்பித்தார். வழக்கமான இடத்தில் ஸாரி வராததால் அந்த ஆள் தடுமாறிப்போனார்.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். சொல்லுங்க."

"நீங்க ஒண்ணும் சொல்லலையே?"

"நீங்க சொல்லி முடிங்க."

சொல்வதற்கு வேறு எதுவும் தெரியாததால் அவர் கேட்க ஆரம்பித்தார். மனிதர்கள் என்னென்னவோ சொன்னார்கள். ஃபிரிட்ஜில் ஆரம்பித்துப் பிள்ளையின் படிப்புக்குப் போனார்கள். அழைப்புகள் நீண்டன. அவருக்காகக் காத்திருந்தவர்களின் வரிசையும் நீண்டது. சூப்பர்வைசர் அம்மா அவருடைய மேஜைக்கு வந்து நின்றாள்.

"காலையிலேர்ந்து ஒரு ஸாரிகூட வரலையே, என்ன விஷயம்?"

"வரலை மேடம்."

"மத்தவங்களுக்கு உங்க பதிவைப் போட்டுத்தான் பாடம் எடுக்கிறேன். நீங்களே இப்படின்னா? அடுத்த அழைப்பை நான் பக்கத்துல நின்னு கேக்கப்போறேன். முதல் மூச்சுல ஸாரி வரலைன்னா நாளைக்கு இந்த சீட்டுல நீங்க இருக்க மாட்டீங்க."

அவள் இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அடுத்த அழைப்பு வந்தது. பெருங்குரல் அம்மா.

இந்த அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவி போன மறுநாளிலிருந்து தினமும் கூப்பிடுகிறாள். "ஸாரி சார்கிட்டதான் பேசுவேன்," என்று கேட்டு வாங்கிக்கொள்வாள். கூரை அதிரும் குரல். "என் வாஷிங் மெஷின்..." என்று ஆரம்பிப்பாள். அவர் "ஸாரிம்மா" என்பார். "நான் இன்னும் புகாரே சொல்லலையே!" என்று வைத்துவிடுவாள். இதே கதைதான் தினமும். மெஷினுக்கு என்ன கோளாறு என்று அதுவரை தெரியாது. மெக்கானிக்கை அனுப்பலாமென்றால் விலாசமும் தெரியாது.

"ஸாரி சாரா?"

வாய்வரை வந்ததை அவர் விழுங்கினார். "சொல்லுங்கம்மா."

"என்ன சொன்னீங்க?"

"சொல்லுங்கன்னு சொன்னேன்."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"இல்லம்மா. நீங்க முழுசா சொல்லி முடிங்க. நான் கேக்கறேன்."

போனைக் கையால் பொத்திக்கொண்டு யாரோ குசுகுசுவென்று பேசுவது கேட்டது.

"பக்கத்துல யாராவது இருக்காங்களாம்மா?"

"டி.வி. ஓடுது," என்றாள் பெருங்குரல் அம்மா. "இது ரொம்ப வருஷத்து மெஷின். பார்க்கறவங்க எல்லாம் மெச்சுவாங்க. அதிராது, சத்தம் போடாது. ஒரே ஒரு கோளாறு. மூடியைத் திறந்து துணியைக் கையில எடுக்கறேன். உள்ள போடறதுக்குள்ளயே வேலை முடிஞ்சுதுன்னு பீப் அடிச்சிடுது."

"துணி போடறதுக்கு முன்னாடியேவா?"

"முன்னாடியேதான். அழுக்குத் துணின்னா பரவாயில்ல, அதுக்குத் துவைக்கப் பிடிக்கலைன்னு வெச்சுக்கலாம். ஆசையா ஒரு புதுத் துணியை எடுத்துக்கிட்டு ஓடினாலும் அதே பீப்."

சூப்பர்வைசர் அம்மா ஒரு தாளில் 'ஸாரி' என்று பட்டையாக எழுதி அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"ஆரம்பத்துலேர்ந்தே அப்படியாம்மா?"

மறுபடியும் குசுகுசு. "இல்ல. வாங்கின புதுசுல எவ்வளவு போட்டாலும் வாங்கிக்கும். விடிய விடிய ஓடும். அதை நினைச்சுத்தான் தூக்கிப் போட மனசு வரலை."

அவருக்குக் கண் கரித்தது. யாரோ ஒரு அம்மாவின் மெஷினுக்குத் தான் ஏன் அழ வேண்டும் என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

"அது கெட்டுப்போகலம்மா," என்றார். "பயந்துபோயிருக்கு."

சூப்பர்வைசர் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"மெஷின் பயப்படுமா சார்?"

"எங்க கம்பெனி மெஷின் பயப்படும்மா. நாள் பூரா திட்டு வாங்கிக்கிட்டே இருந்தா, யார் மூடியைத் திறந்தாலும் திட்டத்தான் வர்றாங்கன்னு தோணிடும். அதான் எதையும் உள்ள வாங்காம முதல்லயே முடிச்சுக்குது. எதிர்ல நிக்கறவங்க கையில புதுத் துணி இருக்குன்னு அதுக்குத் தெரியாமப் போயிடுது."

அந்தப் பக்கம் கனத்த குரல் கொஞ்சம் இளகியது. "சரி பண்ண முடியுமா சார்?"

"முடியும்னுதான் நினைக்கறேன். இன்னும் ஒரே ஒரு தடவை துணியை எடுத்துக்கிட்டு வாங்க. இந்த முறை வாங்கிக்கும். தயவுசெய்து தூக்கி மட்டும் போட்டுடாதீங்கம்மா." தண்ணீர் குடித்துவிட்டு, "விலாசம் சொல்லுங்க, மெக்கானிக்கை இப்பவே அனுப்பறேன்," என்றார்.

நீண்ட குசுகுசுவுக்குப் பிறகு விலாசம் வந்தது. பெட்ரோல் பங்குக்குப் பின்னால், மாடி வீடு, நீலக் கதவு. மெக்கானிக் ஸ்குரூடிரைவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். எந்த மெஷினையும் திறந்து பார்க்காமல் வாயைத் திறக்காத மனிதர் அவர்.

சூப்பர்வைசர் அம்மா ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் எறிந்தாள். "இவ்வளவு நேரம் பேசினீங்களே, ஒரே ஒரு ஸாரி சொன்னீங்களா? போகட்டும், எனக்காவது ஒண்ணு சொல்லுங்க!"

"நீங்க முழுசா சொல்லி முடிங்க மேடம்," என்றார் அவர், பணிவாக. "நான் கேக்கறேன்."

அவள் திட்டத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அப்படி ஒரு வாக்கியத்தை அவளிடமும் வெகுகாலமாக யாரும் சொன்னதில்லை போலிருக்கிறது. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்காரு..." என்று ஆரம்பித்தாள். தன் சீட்டு போனதா இருக்கிறதா என்று தெரியாமலே அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்க, இதே பொறுமை அந்தச் சாயங்காலம் தனக்கு எங்கே போயிருந்தது என்று நினைத்துக்கொண்டார். அந்தச் சமையலறை நாற்காலியில் மனைவி இன்னொரு தடவை வந்து உட்கார்ந்தால், வாயில் துணியை அடைத்துக்கொண்டாவது கேட்பார். உட்கார வேண்டுமே.

போன் அடித்தது. மெக்கானிக்.

"சார், எனக்கு ஒண்ணும் புரியலை. நீலக் கதவு வீட்டுக்குத்தான் வந்திருக்கேன். ரெண்டு பேர் இருக்காங்க. ஒருத்தங்களுக்குப் பெரிய குரல். இன்னொருத்தங்க அழுதுகிட்டே சிரிக்கறாங்க, பையில துணி அடுக்கிக்கிட்டு இருக்காங்க. உங்ககிட்ட ஒரு நல்ல விஷயம் சொல்ல வேண்டியது பாக்கி இருக்காம், நீங்களே நேர்ல வந்து கேக்கணுமாம். நானும் வீடு பூரா தேடிட்டேன் சார், இங்க வாஷிங் மெஷினே இல்ல."